கருப்பு ஃபர்னிச்சர் போட்ட வீடு: பழகினவங்க சொல்றது

உள் அலங்காரம், மரம், பெயின்ட், பராமரிப்பு என்று ஒவ்வொரு வேலையிலும் பழகினவர்கள் மாறி மாறிச் சொல்வது இது.

உள் அலங்கார வேலை

கருப்பு சோபாவோ கருப்பு அலமாரியோ வந்ததும் அறை சுருங்கின மாதிரி இருக்கு என்று நிறைய பேர் வருத்தப்படுகிறார்கள். பழி நிறத்தின் மேல் விழுகிறது. ஆனால் குறை பெரும்பாலும் வெளிச்சத்தில் இருக்கிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கருப்புப் பரப்பு 5 சதவீதம் அனுப்பினாலே அதிகம். அதனால் ஆளுயர அலமாரி ஒன்றைக் கருப்பில் போட்டால், அறைக்குள் சுற்றிவந்த வெளிச்சத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும்.

இதற்கு ஈடாகக் கூரை நடுவில் பெரிய விளக்கு ஒன்றை மாட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உச்சியிலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் சாமானின் மேல்பலகை பளபளக்கும், முகப்பு இருண்டே கிடக்கும். அதே வெளிச்சத்தை மூன்று இடமாகப் பிரித்துப் போடுங்கள். சோபா ஓரத்தில் ஒரு நிற்கும் விளக்கு, தாழ்வான மேசையில் ஒன்று, அலமாரிக்குப் பின்னால் சுவர் மேல் படரும் எல்இடி பட்டை ஒன்று. பின்சுவர் வெளிச்சமானதும் கருப்பின் விளிம்பு தெளிவாகத் தெரியும், சாமான் சுவரிலிருந்து விலகி நிற்பது போல் ஆகும். பல்பின் வெளிச்ச நிறம் 2700 முதல் 3000 கெல்வினுக்குள், அதாவது மஞ்சள் சாயலில் இருக்கட்டும். நிறங்களைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. அளவு 90க்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் மர வரி, தோல், துணி எல்லாம் ஒரே மொத்தைக் கருப்பாகத் தெரியும்.

கால் வைத்த சாமானையே வாங்குங்கள். அடியில் 15 செ.மீ. இடைவெளி இருந்தால் தரை தொடர்ந்து தெரியும், பெருக்கவும் வசதி. தரையும் கருமையாக இருந்தால் நடுவில் வெளிர் விரிப்பு கட்டாயம் வேண்டும். சோபாவின் முன்கால்கள் அதன் மேல் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் 15 முதல் 20 செ.மீ. வெளியே நீள வேண்டும். சோபா அகலத்தைவிடச் சிறிய விரிப்பு, கருப்புக்கு முன்னால் துண்டுத் துணி போட்ட மாதிரிதான் இருக்கும்.


மர வேலை

வெளிச்சத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது பளபளப்பின் அளவு. கடையில் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஹை கிளாஸ், அதாவது முகம் தெரிகிற அளவு பளபளப்பு எடுத்தால் விரல் ரேகை, தூசி, துடைத்த கோடு எல்லாம் தெரியும். சரி, பளபளப்பே இல்லாத முழு மேட் எடுக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கை படுகிற இடம் தேய்ந்து தேய்ந்து பளபளப்பாகிவிடும். கருப்பு மேட் அலமாரியில் கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஒரு மினுக்குத் திட்டு விழும். அது அழுக்கு இல்லை, மேற்பரப்பின் மேடு பள்ளம் தேய்ந்து மட்டமாகிவிட்டது, அவ்வளவுதான். துடைத்தால் போகாது, இன்னும் கூடும். அதனால் சாப்பாட்டு மேசை, நாற்காலிக் கை, கதவு இதற்கெல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாட்டின் அல்லது செமி மேட். டிவி வைக்கிற யூனிட்டுக்கு மட்டும் முழு மேட் போடுங்க. திரை வெளிச்சம் அதில் பிரதிபலிக்காது, கையும் அதிகம் படாது.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு மாதிரி மரநார், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேல் கருப்பு லேமினேட் ஒட்டினது என்றால் முதலில் ஓரத்தைத் தடவிப் பாருங்க. மூலை பெயர்ந்தால் உள்ளே இருக்கிற பழுப்பு நிறம் பளிச்சென்று தெரியும். கருப்பில் அதை மறைக்கவே முடியாது. பலகை ஓரத்தில் ஒட்டுகிற எட்ஜ் பேண்ட் பட்டை 0.8 மி.மீ. இருந்தால் இடிபடுகிற இடத்துக்குத் தாங்காது, 2 மி.மீ. கேளுங்க. சின்னச் சிராய்ப்புக்குக் கருப்பு மெழுகுக் குச்சியைத் தேய்த்து, பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிட்டால் போதும்.

ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடத்தில் கருப்பை வைக்காதீங்க. வெளிர் நிறத்தைவிட ரொம்பச் சூடாகும். மேலே ஒட்டின மெல்லிய மரத்தகடான வெனீரின் ஓரம் கிளம்பும், ரெக்சின் வெடிக்கும்.


பெயின்ட் வேலை

பழைய சாமானைக் கருப்பாக மாற்ற நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருப்பு எந்தப் பழுதையும் மன்னிக்காது.

முதலில் கைப்பிடி, குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். தேய்த்த பிறகு கழுவினால் பிசுக்கு மரத்துக்குள் இறங்கியிருக்கும். அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220. பள்ளத்தைப் பட்டி போட்டு அடைத்துத் தேயுங்கள். விரலால் தடவினால் உணர முடிகிற எந்தக் குழியும் கருப்பு அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும்.

அடிப்பூச்சான ப்ரைமரைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். வெள்ளை ப்ரைமர் மேல் கருப்பு அடித்தால், பின்னால் ஒரு கீறல் விழுந்தாலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கருப்பை மெல்லிசாக இரண்டு மூன்று கோட், ஃபோம் ரோலரில். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 320 நம்பரால் லேசாகத் தட்டிவிட்டுத் தூசியை முழுக்கத் துடைக்க வேண்டும்.

மேல்பூச்சில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீரில் கரையும் நிறமில்லாத கிளியர் கோட்டைத் தடியாக அடித்தால் கருப்பு மேல் பால் ஊற்றிய மாதிரி மங்கல் படரும். மெல்லிசாக அடியுங்கள், காயும் முன் திரும்பத் திரும்ப ரோலர் ஓட்டாதீர்கள். மேட், சாட்டின் டப்பாவில் பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் படிந்திருக்கும். அடிவரை மெதுவாகக் கலக்க வேண்டும், குலுக்கினால் குமிழி வரும். கலக்காமல் அடித்தால் முதல் பலகை பளபளப்பாகவும் கடைசிப் பலகை மங்கலாகவும் நிற்கும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் பூந்தொட்டியோ புத்தக அடுக்கோ வைத்தால் அடித்தடம் பதிந்துவிடும்.

மர வரி தெரிய வேண்டுமா, பெயின்டே வேண்டாம். வினிகரில் ஸ்டீல் வுல் என்ற மெல்லிய இரும்பு நாரை ஊறவைத்து, அது கரைந்த நீரை வடிகட்டி ஓக் மரத்தில் பூசினால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து மரமே கருக்கும். பைனில் டானின் குறைவு. அதற்கு முதலில் அடர்த்தியான தேயிலைச் சாற்றைப் பூசிக் காயவிட்டுப் பிறகு இதைப் பூச வேண்டும். ஊறவைக்கும் பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும்.


பராமரிப்பு வேலை

மேலே சொன்ன கருக்கிய மரம், வரி ஆழமான மரம் இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கை. சாதாரண கிளியர் வாக்ஸ் போடாதீங்க. வரிக்குள் தங்கி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கருப்பு வாக்ஸ்தான் சரி.

தினசரி துடைக்க மைக்ரோஃபைபர் துணி இரண்டு போதும். ஒன்று பிழிந்த ஈரத்துணி, அடுத்தது காய்ந்தது. உலர்துணியை மட்டும் வைத்து அழுத்தித் தேய்த்தால் தூசியே கீறிவிடும், பளபளப்புக் கருப்பில் வட்ட வட்டமாகக் கோடு தெரியும். உப்புத் தண்ணீர் சொட்டினால் உடனே ஒற்றி எடுங்க, காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும். பளபளப்பு ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், அதில் எண்ணெய்ப் பசை இருந்தால் தூசி இன்னும் சீக்கிரம் ஒட்டும்.


மீண்டும் உள் அலங்கார வேலை

இரண்டு கருப்பைச் சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. கருப்பிலேயே நீலம் ஓடுவது, பழுப்பு ஓடுவது, பச்சை ஓடுவது உண்டு. தனியாகப் பார்த்தால் பிடிபடாது. பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் இரண்டு சாம்பிளையும் ஒட்டி வைத்துப் பாருங்கள், உடனே தெரியும். கிட்டத்தட்ட ஒரே கருப்பில் இரண்டு மரச்சாமான் வாங்குவதைவிட, பொருளையே மாற்றிவிடுவது நல்லது. மரம் ஒன்று, தோல் ஒன்று, இரும்பு ஒன்று என்று இருந்தால் வேறுபாடு வேண்டுமென்றே செய்ததாக நிற்கும்.

இரவில் எழுந்து நடப்பவர்கள், பார்வை குறைந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கருந்தரையில் கருப்பு டீபாய் வேண்டவே வேண்டாம். முழங்கால் இடிக்கும். வெளிர் தரையாக இருந்தால் அதே டீபாய் நன்றாகக் கண்ணில் படும். எப்படியும் சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. விடுங்கள்.


மர வேலை

காலுக்கு அடியில் கருப்பு ரப்பர் குமிழ் இருந்தால் பிடுங்கிவிட்டு ஃபெல்ட் என்கிற மெத்தென்ற துணித் துண்டை ஒட்டுங்க. வினைல் தரையில் ரப்பர் நாளடைவில் மஞ்சள் பழுப்புக் கறை விடும். அது தரைக்குள்ளேயே ஏறிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது.