மறு: மேக்ரோவில் அழியாமல் இருக்கும் மதிப்புக்கு என்ன சொல்? – நிலைபேறா, தங்குமதிப்பா

குழுவினருக்கு வணக்கம்.

கையேடு சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஒன்பதாம் பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு இல்லை. மூன்று நாளாக வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கொலுசுப் பட்டறைகளில் கணக்கு எழுதுகிறவர்கள். எக்செலில் பில் போட ஒரு மேக்ரோ, அதாவது பட்டனை அழுத்தினால் ஓடும் சிறு நிரல், எழுதினோம். பில்லுக்கு ஒன்றாக எண் கூடிக்கொண்டே போகும். சாயங்காலம் 46 வரை போனது, மறுநாள் காலையில் கோப்பைத் திறந்து பட்டனை அழுத்தினால் மறுபடியும் 1. ஒரு மாணவி ஒரே எண் போட்ட இரண்டு பில்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில் கொலுசு, இன்னொன்றில் மெட்டி. "ஸ்டாட்டிக்னு போட்டோமே சார், அப்புறம் ஏன் போச்சு?" என்றார்.

மாறி என்பது நிரலில் மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயரிட்ட இடம். ஸ்டாட்டிக் என்று அறிவித்த மாறி ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில்தான் மதிப்பைக் காக்கும். கோப்பை மூடினால் அதுவும் போய்விடும். மூடித் திறந்த பிறகும் வேண்டுமென்றால், மறைத்து வைத்த ஒரு தாளின் கட்டத்தில் எழுதிக் கோப்பைச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் சேவ்செட்டிங் கட்டளையால், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போட்டு, கெட்செட்டிங்கால் எடுக்க வேண்டும். அப்படி எழுதி வைத்த மதிப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

முதலில் வந்த 'நிலைமாறி'யை நான் ஏற்கவே மாட்டேன். இடைவெளி விட்டுப் படித்தால் 'நிலை மாறி' – பொருள் நேர் எதிராகிவிடுகிறது. நிலைமின்னியல் படித்த பிள்ளைகளுக்கு 'நிலை' என்றாலே ஸ்டாட்டிக். என் மாணவி தடுக்கி விழுந்த இடமே அதுதான்.

'வைப்பு' என்ற சொல்லை முன்வைத்த மடல் அருமை. எழுதியவர் வருங்கால வைப்பு நிதியில் தொடங்கி வைப்புத்தலம் வரை போயிருந்தார். தேவாரத்தில் தனிப் பதிகம் இல்லாமல், வேறு பதிகத்துக்குள் பெயர் மட்டும் வரும் ஊர் அது. பெயர் ஓரிடம், பொருள் வேறிடம். ரெஜிஸ்ட்ரிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனால் பேச்சில் 'வைப்பு' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுத எனக்கு மனமில்லை.

இனி ஏற்காட்டு ஐயாவின் 'நிலைபேற்று மாறி'. நல்ல தமிழ், மறுக்கவில்லை. நீளம் என்றதற்கு, ஏரிக்காடு தேய்ந்து ஏற்காடு ஆனதுபோல் இதுவும் தேயும் என்றார். தேயட்டும் ஐயா, ஆனால் தேயும்வரை படிக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். எனக்கு அதைவிடப் பெரிய தடை 'மாறி' என்ற சொல். கோப்பை மூடியதும் மாறி செத்துவிடுகிறது. காலையில் பிறப்பது வேறு மாறி, அதற்குள் பழைய மதிப்பை ஊற்றுகிறோம். இருப்பது மதிப்பு, மாறி அல்ல. சொல் அதைச் சொல்ல வேண்டாமா? பட்டறைக் கணக்கர் ஒருவர் இதைக் கேட்டதும், "இருப்பு கீழே கொண்டு வந்ததுன்னு எழுதுவோமே, அதுதானே சார்?" என்றார். பழைய பேரேடு முடிந்துவிட்டது, தொகை மட்டும் புதுப் பேரேட்டுக்கு வந்துவிட்டது. சரியாகப் பிடித்துக்கொண்டார்.

அதனால் என் முன்மொழிவு: தங்குமதிப்பு. ஊறுகாய் போல வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கும் மதிப்பு. நேற்று எழுதி இன்று எடுத்து நாளைக்கும் வேண்டிய ஒன்றுக்கு முக்காலமும் அடங்கிய தொகை வேறு எங்கே கிடைக்கும்?

இதற்கு ஐயா எழுதிய மறுப்பு வலுவானது. "எங்கள் மலைக்கு வந்து தங்குகிறவர்கள் ஞாயிறு மாலை இறங்கிவிடுவார்கள். தங்கல் நிலையில்லாதது." உண்மை. ஆனால் "கையில் காசு தங்கவில்லை" என்று யாரும் விடுதியை நினைத்துச் சொல்வதில்லை. மேலும் இந்த மதிப்பும் நிரந்தரம் அல்ல. டெலிட்செட்டிங் என்று ஒரு வரி எழுதினால் போய்விடும். வேறு கணினிக்குக் கோப்பைக் கொண்டுபோனால் ரெஜிஸ்ட்ரியில் போட்டது அதோடு சேர்ந்து வராது. 'நிலைபேறு' தர முடியாத உறுதியைத் தருகிறது. 'தங்கு' அவ்வளவு தூரம் போகவில்லை.

நேற்றிரவு வரை ஏழு பேர் தங்குமதிப்பு, மூன்று பேர் நிலைபேறு. ஒருவர் ஆங்கிலத்தில் உள்ளபடி 'பெர்சிஸ்டென்ட்' என்றே எழுதுங்கள் என்கிறார். பாடத்தில் முதல் இடத்தில் அதையும் தமிழ் எழுத்தில் ஒருமுறை போட்டுவிடுகிறேன். ஐயா தம் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், சேர்க்கிறேன்.

வினைச்சொல்லில் சிக்கல் இல்லை: 'எண்ணைத் தங்கவை'. பண்புப்பெயர்தான் இன்னும் அமையவில்லை. தங்கல், தங்குகை, தங்குதன்மை – எது உங்களுக்கு வாயில் வருகிறது? வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.