மறுமொழி: முளைய மூளையில் நரம்புக்கலம் இடம் மாறுவதற்கு என்ன சொல்?

வணக்கம். முளையத்தின், அதாவது கருப்பையில் உருவாகும் உயிரின், மூளையில் நரம்புக்கலங்கள் (நரம்புச் செல்கள்) பிறந்த இடத்திலிருந்து வேறிடம் போவதை ஆங்கிலத்தில் migration என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கும், வந்த யோசனைகளுக்கும் இது என் பதில்.

> 'வலசை' நல்ல தமிழ்ச்சொல். பறவைக்குப் பொருந்துவது நரம்பணுவுக்குப் பொருந்தாதா?

பொருந்தாது ஐயா. மன்னாருக்கு வரும் பூநாரைகள் பருவம் முடிந்ததும் திரும்பிப் போய்விடும். நரம்புக்கலம் திரும்புவதில்லை. சேரவேண்டிய படையில் (அடுக்கில்) போய் நின்றால் நின்றதுதான்.

> 'இடப்பெயர்வு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே?

சென்னையில் அது சாதுவான சொல். கொழும்பில் அதைப் பலகையில் எழுதினால், பிள்ளைகளுக்கு இல்லாவிட்டாலும் அவர்களின் தாய் தகப்பனுக்கு 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வெறுமையானதுதான் நினைவுக்கு வரும். 'புலம்பெயர்வு' எப்போதோ கனடா போய்விட்டது. 'குடியேற்றம்' என்றால் வேறு அரசியல். 'இடப்பெயர்ச்சி'யைப் பௌதிகம் எடுத்துவிட்டது, மிஞ்சிய 'பெயர்ச்சி'யைச் சனி பகவான் விடமாட்டார்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். மேற்பட்டை என்பது மூளையின் வெளிப்புறப் பகுதி. அதற்குரிய நரம்புக்கலங்கள் அங்கே பிறப்பதில்லை. மூளைக்குள் இருக்கும் நீர் நிறைந்த அறைகளை ஒட்டிய உட்சுவரில் பிறந்து வெளிநோக்கிப் போகின்றன. சுவரின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை நீளும் கிளியாக் கலங்களின் (நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் கலங்கள்) இழைகளைப் பிடித்துக்கொண்டு அவை ஏறுவதை, குரங்கு முளையங்களில் 1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராகிச் காட்டினார். பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைத் தாண்டி வெளியே போய் நிற்கும். ஆகவே ஆழப்படைகள்தான் மூத்தவை. இந்த ஒழுங்குக்கு, வெளிவிளிம்புக் கலங்கள் சுரக்கும் ரீலின் என்ற புரதம் வேண்டும். அது இல்லாத எலிகள் தள்ளாடி நடக்கும், படைகளும் ஏறத்தாழத் தலைகீழாக இருக்கும். அந்த எலிகளை 1951இலேயே விவரித்திருந்தார்கள்; மரபணு அகப்பட்டது 1995இல்தான்.

கலம் போகும் விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் முன்னே ஒரு நீட்டம் போகும். அதற்குள் சென்ரோசோம், அதாவது நுண்குழாய்கள் கிளம்பும் மையம், முன்னேறும். பிறகு கலத்துக்குள் தண்டவாளம்போல் இருக்கும் அந்த நுண்குழாய்கள் வழியே டைனீன் என்ற இழுக்கும் புரதம் கருவை (கலத்தின் உட்கருவை) அதன் பின்னால் இழுத்துவரும். கொஞ்சம் நிற்கும், மறுபடி போகும். சிங்கராஜக் காட்டில் அட்டை காலில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லிஸ்1, டபிள்கோர்ட்டின் புரதங்களில் குறை இருந்தால் இந்த இழுவை கெட்டு, மனித மூளை மடிப்பில்லாமல் வழவழவென்று உருவாகிவிடும்.

ஆகவே என் வாக்கு 'நகர்வு'க்கு. மிகப் பொதுவான சொல் என்பீர்கள். பொதுவாகவே இருக்கட்டும். நகர்தல் என்றாலே மெல்ல, உடலோடு போவதுதான். கலத்திலிருந்து கிளம்பும் வெளிமுளை மட்டும் நீண்டு கலவுடல் இருந்த இடத்திலேயே இருந்தால் அது நீட்சி. கலமே போனால் நகர்வு. நகரும் கலம், நகர்த்தும் புரதம், நகர்வுக் கோளாறு என்று வினையும் பெயரும் ஒரே வேரிலிருந்து கிடைக்கும். 'வலசை'யோடு எப்போதும் ஒரு 'போ' ஒட்டவேண்டும்.

அடைமொழிகள் சுலபம். இழை பிடித்து ஏறுவது ஆரை நகர்வு. ஆனால் மேற்பட்டையின் தடுப்பு நரம்புக்கலங்களில் (மற்றக் கலங்களின் செயலை அடக்குபவை) பெரும்பாலானவை ஏறி வருவதில்லை, மூளையின் அடிப்பக்கப் புடைப்பிலிருந்து மேற்பரப்புக்குச் சமாந்தரமாக வருகின்றன என்று 1997இல் எலியில் தெரியவந்தது. அது தொடலி நகர்வு. (தமிழ்நாட்டு நண்பர்கள் ஆரம், தொடுகோடு என்று படித்திருப்பீர்கள். இரண்டையும் கலைச்சொற் கையேட்டில் அருகருகே போடலாம், சண்டை வேண்டாம்.) அப்புறம், மூக்கில் பிறந்து மணநரம்பின் வழியே மூளைக்குள் போகும் கலங்களும் உண்டு. பூப்பெய்தும் ஓமோன்களைத் தூண்டுபவை அவை. வழியில் தங்கிவிட்டால் கால்மன் நோய்: மணமும் தெரியாது, பருவமும் தானாக வராது. இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லத்தான் தலைச்சொல் எளிமையாக இருக்கவேண்டும் என்கிறேன்.

சிக்கல், கரு மட்டும் இழுபடுவதைத் தனியே என்னவென்று சொல்வது என்பதில். இலங்கைப் பாடநூலில் கரு என்றால் கலத்தின் கரு. தமிழ்நாட்டில் கரு என்றால் எங்களுடைய முளையம். 'கருநகர்வு' என்று போட்டால் வயிற்றுக்குள் பிள்ளை அசைவதாகப் படிப்பீர்கள். 'கருவிழுப்பு' என்று தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள், கேட்கவே பயமாக இருக்கிறது. 'கலக்கரு நகர்வு' இரு கரைக்கும் ஒத்துவருமா? மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். கிளியாவுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். அதுவரை நான் கிளியா என்றே எழுதப்போகிறேன்.

வெள்ளவத்தை, கொழும்பு 06