ஒரே கார், அதுவும் ஆர்எக்ஸ்-8: யாழ்ப்பாணத்தில நாளாந்த ஓட்டத்துக்குச் சரிவருமோ?

கோண்டாவில் வாசி

எல்லாருக்கும் வணக்கம். இப்ப ரொயோட்டா அக்சியோ ஹைபிறிட் ஓடுறன். அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் கொழும்பில ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 விலைக்கு நிக்குது. 2004ஆம் ஆண்டுக் கார், ரைப் எஸ், ஆறு கியர் மனுவல். எஞ்சினுக்கு 250 குதிரைவலு, நிமிசத்துக்கு 9000 சுற்று வரை போகும். ஸ்போர்ட்ஸ் கார் எண்டாலும் நாலு பேர் இருக்கலாம். அக்சியோவை வித்தால் மேலதிகமாப் பெரிய காசு போடத் தேவையில்லை. ரெண்டு கார் வைச்சிருக்க வசதி இல்லை, அதால ஒண்டை வித்துத்தான் மற்றதை எடுக்கவேணும்.

என்ர ஓட்டம் இதுதான்: காலமை கோண்டாவிலில இருந்து வெளிக்கிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு, ஆஸ்பத்திரி றோட்டுப் பக்கம் கந்தோருக்குப் போறது. பின்னேரம் அம்மாவைக் கிளினிக்குக்கோ நல்லூருக்கோ கூட்டிக்கொண்டு போறது. இடைக்கிடை கிளிநொச்சி. கொழும்புக்குப் போறது குறைவு.

சின்ன வயசில இருந்து இந்தக் காரில ஆசை. நாற்பதைத் தாண்டீட்டுது, இப்ப ஓடாட்டி எப்ப ஓடுறது? வேண்டாம் எண்டுறவை காரணத்தோட சொல்லுங்கோ, கேக்கிறன்.

இணுவில் பெடியன்

எடுங்கோ அண்ணை. 1300 சிசி தானே, எவ்வளவு பெற்றோல் குடிச்சிடப் போகுது?

கராஜ்காரன்

தம்பி, அந்த 1300 கணக்கை நம்பவேண்டாம். இது ரொட்டறி எஞ்சின், பிஸ்ரனுக்குப் பதிலாச் சுத்துற முக்கோண ரொட்டர் ரெண்டு, ஒவ்வொண்டும் 654 சிசி, மொத்தம் 1308. சாதாரண எஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒருக்காத்தான் தன்ர முழுக் கொள்ளளவையும் இழுக்கும். இது ஒவ்வொரு சுற்றுக்கும் 1308ஐ இழுக்கும். அப்ப 2.6 லீற்றர் எஞ்சின் மாதிரித்தான் குடிக்கும். ஜப்பானிலயே வாகன வரிக்கு ரொட்டறி எண்டால் சிசியை ஒண்டரையால பெருக்கித்தான் கணக்குப் பாக்கிறவங்கள். ரவுண் ஓட்டத்தில லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் கிடைச்சால் சந்தோசப்படுங்கோ. ஜப்பானில ஹை ஒக்ரேன் ஊத்தி ஓடுற கார், இஞ்சை 95க்குக் குறைய ஊத்தக்கூடாது. 95 எல்லாப் பெற்றோல் செற்றிலயும் இருக்காது.

கோண்டாவில் அண்ணை, பெற்றோல் காசை நீங்கள் ஏற்கெனவே யோசிச்சிருப்பியள். எனக்குப் பயம் உங்கட காலமை ஓட்டத்திலதான். வீட்டில இருந்து பள்ளிக்கூடம், அங்க இருந்து கந்தோர். எஞ்சின் வடிவாச் சூடேற முதலே நிப்பாட்டிப்போடுவியள். ரொட்டறிக்கு அதைவிடக் கூடாத பழக்கம் இல்லை. எஞ்சின் ஆறியிருக்கேக்கை ஸ்ராட் பண்ணினால் பெற்றோல் கூடப் போகும். உடன நிப்பாட்டினால் பிளக் நனைஞ்சு, அடுத்ததரம் சுத்திச் சுத்தி அடிக்கும், பத்தாது. முற்றத்தில ஒரு பக்கம் நிண்டதை மற்றப் பக்கம் நகர்த்தி நிப்பாட்டினாலே காணும், அடுத்த நாள் வேலைக்கு ஓட்டோதான்.

சாவகச்சேரி 13பி

நான் ஆர்எக்ஸ்-8 வைச்சிருக்கிறன், நாளாந்தம் அதிலதான் போய்வாறன். கராஜ் அண்ணை சொன்ன தொழில்நுட்பம் சரி. அதுக்காகக் காரே வேண்டாம் எண்டுறதை நான் ஏற்கமாட்டன்.

பிளக் நனைஞ்சால் அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணவேணும். அப்பிடிச் செய்தால் பெற்றோல் போறது நிண்டு, உள்ளுக்குக் காய்ஞ்சு, பத்தும். இது தெரியாமல் எத்தினை பேர் கராஜுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போறாங்கள்! இந்தக் காருக்குச் சில பழக்கம் வேணும். பெற்றோல் அடிக்கிற நேரமெல்லாம் டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாக்கிறது முதலாவது. இது ஓயிலைத் தானே ரொட்டர் சுத்துற அறைக்குள்ள விட்டு எரிக்கிற எஞ்சின். ஓயில் குறையிறது பழுது இல்லை, அதின்ர அமைப்பே அதுதான். குறைஞ்சதை ஊத்தாமல் விடுறதுதான் பழுது. பிறகு, சூடேற முதல் மிதிக்கக்கூடாது, சூடேறினாப் பிறகு கட்டாயம் மிதிக்கவேணும். மெல்ல மெல்ல ஓடினால் கரி பிடிச்சு, ரொட்டரின்ர மூலையில இருக்கிற அபெக்ஸ் சீல் இறுகிப்போகும்.

"யாழ்ப்பாணத்தில 9000 சுற்றை எங்க ஓடுறது?" எண்டு கேக்கிறவைக்கு: முதல் கியரில 9000 வரை போனால் வேகம் 65 கிலோமீற்றருக்குக் கிட்டத்தான் வரும். ஏ9இல எழுபதுக்குள்ள நிண்டே அந்த எஞ்சின் முழுசாப் பாடுறதைக் கேக்கலாம். பெரிய ரேர்போக் கார்களில அது ஏலாது. மிதிக்க முதலே சட்டத்தை மீறீடுவியள்.

இன்னொண்டு. 1991இல லு மான் 24 மணித்தியால ஓட்டத்தில மஸ்டா வெண்டது ரொட்டறியாலதான். ஒரு பகல் ஒரு இரவு முழுக்க உச்சத்தில ஓடின எஞ்சின் வகையைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாது எண்டு சொல்லுறது அநியாயம்.

மானிப்பாய் அக்கா

தம்பி, லு மானில ஆரும் அம்மாவைப் பின்சீற்றில ஏத்தேல்லை.

நான் அந்தக் காரில பின்னுக்கு இருந்து போயிருக்கிறன், அதால சொல்லுறன். பின்கதவு தனியாத் திறக்காது. முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவை எதிர்ப்பக்கமாத் திறக்கலாம். கஸ்தூரியார் றோட்டில கடை வாசலில நிப்பாட்டிப்போட்டு, மோட்டர்சைக்கிள் உரசிக்கொண்டு போற இடத்தில ரெண்டு கதவையும் விரிச்சு வைச்சுக்கொண்டு ஒரு வயசுபோன ஆளை இறக்கிப் பாருங்கோ. சீற்றும் பதிவு. முழங்கால் நோ உள்ள ஆள் அதுக்குள்ள இறங்கிறது பாதி வேலை, ஏறி வெளியில வாறதுதான் முழு வேலை. நெல்லுப் போடுற கொம்பறைக்குள்ள இருந்து ஏறுற மாதிரி.

அண்ணைக்கு ஆசை இருக்கிறது பிழையில்லை. ரெண்டாவது காரா எடுத்தால் நானே வாங்கச் சொல்லுவன். ஒரே கார் எண்டால் அது வீட்டில எல்லாருக்கும் கார்.

சாவகச்சேரி 13பி

அக்கா, கதவுக் கதை சரி, அதுக்கு நான் மறுப்புச் சொல்லேல்லை. ஆனால் "ரெண்டாவது காரா எடு" எண்டுறது இந்தக் காருக்குச் செய்யிற துரோகம். கிழமைக்கு ஒருக்கா எடுத்து நல்லூர் வீதியைச் சுத்திப்போட்டுத் திருப்பி மூடிவைக்கிற ஆர்எக்ஸ்-8தான் கெதியாச் சாகிறது. நாளும் நீண்ட தூரம் ஓடுற கார் நல்லா இருக்கும். நான் சாவகச்சேரியில இருந்து ரவுணுக்கு வாறன், அந்தத் தூரம் அதுக்குக் காணும்.

கராஜ்காரன்

உங்களுக்குக் காணும் தம்பி. கோண்டாவிலில இருந்து வாறவருக்குக் காணாது. அதைத்தான் நானும் சொல்லுறன்.

பழைய ஒஸ்ரின்

பிள்ளையள், நான் ஒஸ்ரின் ஏ40 ஓடின ஆள். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் போத்தல் கணக்கில. காபறேற்றருக்குள்ள ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினம். பின்னால வெள்ளைப்புகை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு நோயாளி போய்ச் சேர்ந்தார். சாமான் இல்லையெண்டால் கடைசல் பட்டறையில குடுத்து அடிச்செடுப்பம். புஷ், பின், கஸ்கற் எல்லாம் இஞ்சையே செய்ததுதான். ஒஸ்ரினும் மொறிஸும் இந்த ஊரில அவ்வளவு காலம் உயிரோட இருந்ததுக்குக் காரணம் அதுகளை இஞ்சை உள்ள கையளால திருத்த முடிஞ்சதுதான்.

இப்ப நான் கேக்கிறன்: அந்த அபெக்ஸ் சீலை யாழ்ப்பாணத்தில ஆர் செய்வான்? ரொட்டர் ஹவுசிங்கின்ர உள்முகம் உரிஞ்சால் ஆர் பூசுவான்? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை மூடினாங்கள், தனியார் காருக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில. ஐஞ்சு வருசம். 2022இல கியூஆர் போட்டுக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தாங்கள். இந்தக் காருக்கு அது 120 கிலோமீற்றர். திரும்பவும் அப்பிடி வராது எண்டு இந்தத் தீவில ஆர் கையெழுத்துப் போட்டுத் தருவான்? வீட்டில இருக்கிற ஒரேயொரு வாகனம், இடர் வாற நேரம் ஓடவேணும்.

சாவகச்சேரி 13பி

ஐயா, உங்களில நல்ல மரியாதை. ஆனால் அந்த நியாயத்தின்படி அக்சியோ ஹைபிறிட்டும் வாங்கக்கூடாது. ஹைபிறிட் பற்றறியையும் இன்வேட்டரையும் எந்தக் கடைசல் பட்டறையில அடிக்கிறது? இப்ப ஓடுற எந்தக் காரும் ஏ40 இல்லை. இந்த எஞ்சினுக்குள்ள வால்வு இல்லை, கம்ஷாப்ற் இல்லை, ரைமிங் பெல்ற் இல்லை. அசையிற பெரிய சாமான் மூண்டுதான்: ரெண்டு ரொட்டர், ஒரு தண்டு. பழகின ஆள் கழட்டிப் பூட்டலாம். சீலும் கொயிலும் ஜப்பானில இருந்து எடுப்பிக்கலாம், நான் எடுத்து வைச்சிருக்கிறன்.

பழைய ஒஸ்ரின்

பற்றறி விசயத்தில தம்பி சொல்லுறது சரிதான். ஆனால் ஹைபிறிட் பற்றறி பாக்கிற ஆக்கள் இப்ப இஞ்சை கனபேர் இருக்கினம், ஏனெண்டால் அந்தக் கார் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிக்குது. ரொட்டறி பாக்கிற கை எத்தினை? ஊரில கனக்க ஓடுற காருக்குத்தான் ஊரில கை வளரும்.

ரொறன்ரோ அளவெட்டியான்

நான் இஞ்சை ஆர்எக்ஸ்-8 வைச்சிருந்து வித்த ஆள். அமெரிக்காவில மஸ்டாவே எஞ்சினுக்கு உத்தரவாதத்தை 8 வருசம், 100,000 மைல் எண்டு நீட்டிக் குடுத்தது. ஒரு கொம்பனி சும்மா அப்பிடிச் செய்யாது. 2004ஆம் ஆண்டுக் காருக்கு இப்ப அந்த உத்தரவாதம் ஒண்டும் இல்லை. எடுக்கிறதெண்டால் 2008இல திருத்தி வந்த மொடலைப் பாருங்கோ. ஓயில் விடுற முறையை அதில மாத்தி, ரொட்டர் ஒண்டுக்கு மூண்டு இடத்தில விடுது. பழசில ரெண்டு இடம்தான்.

கோண்டாவில் வாசி

எல்லாருக்கும் நன்றி. கராஜ் அண்ணை, அந்தக் கொழும்புக் காரை எப்பிடிச் சோதிக்கிறது? வித்துத்தாற ஆள் "எஞ்சின் அந்தமாதிரி" எண்டுதான் சொல்லுறார்.

கராஜ்காரன்

எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். கம்பிரசன், அதாவது எஞ்சின் உள்ளுக்கு அமுக்கிற அழுத்தம், பாக்கவேணும். சாதாரண கம்பிரசன் கேஜால பாக்கக்கூடாது. அது மூண்டு முகத்தில ஆகக் கூடினதை மட்டும் காட்டி ஏமாத்தும். ரொட்டறிக்கெண்டு கருவி இருக்கு, ஒரு ரொட்டருக்கு மூண்டு முகத்துக்கும் தனித்தனி எண் தரும். 250 சுற்றுக்குத் திருத்தின கணக்கில சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ எண்டால் புது எஞ்சின், 6.9க்குக் கீழ போனால் எஞ்சின் முடிஞ்சுது. ஆறு எண்ணும் ஒண்டுக்கொண்டு கிட்டவும் இருக்கவேணும். கருவி கிடைக்காட்டி இதையாவது செய்யுங்கோ: நல்லா ஓடிச் சூடாக்கி, நிப்பாட்டி, பத்து நிமிசம் விட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. இழுத்து இழுத்துப் பத்தினால் காசை எண்ணவேண்டாம்.

ரேடியேற்றர் மூடியையும் எஞ்சின் ஆறினாப் பிறகு திறந்து பாருங்கோ. உள்ளுக்கு வெள்ளையாப் படிஞ்சிருந்தால் ஆரோ கிணத்துத் தண்ணி விட்டிருக்கினம். எங்கட சுண்ணாம்புத் தண்ணிக்கு வீட்டுக் கேத்தில் படுற பாடு தெரியும்தானே. ரொட்டறி சூட்டைத் தாங்காது, ஒருக்கா அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் உள் சீல் போகும். அந்தக் காரின்ர சூட்டு முள் வேற நடுவிலேயே நிக்கும், ஏறத் தொடங்கினால் காலம் கடந்திட்டுது எண்டு அர்த்தம். கூலன்ற் மட்டும்தான் விடவேணும். முன் பம்பருக்குக் கீழ ஓயில் கூலர் இருக்கு, எங்கட ஒழுங்கை மதவில முட்டியிருக்கோ எண்டும் குனிஞ்சு பாருங்கோ.

இவ்வளவும் சரியா இருந்தாலும் உங்கட ஓட்டத்துக்கு நான் சம்மதிக்கமாட்டன். ஆசை தீரவேணுமெண்டால் ரொயோட்டா 86 பாருங்கோ. ரெண்டு லீற்றர், பிஸ்ரன் எஞ்சின், கிட்டத் தூரத்துக்கு நிப்பாட்டி நிப்பாட்டி ஓடலாம்.

மானிப்பாய் அக்கா

அதில பின்கதவே இல்லை அண்ணை!

சாவகச்சேரி 13பி

86 நல்ல கார். அதைக் குறை சொல்லமாட்டன். ஆனால் ஆர்எக்ஸ்-8 ஓட ஆசைப்பட்ட ஆளுக்கு அது பதில் இல்லை. ஆறாயிரத்துக்கு மேல அந்த எஞ்சின் அதிர்வே இல்லாமல் ஏறுற ஏத்தத்தைக் கையிலயும் முதுகிலயும் உணர்ந்தவைக்குத் தெரியும்.

கோண்டாவில் அண்ணை, அக்சியோவை விக்க முதல் ஒண்டு செய்வம். வாற ஞாயிறு நான் காரைக் கொண்டு வாறன். அம்மாவைப் பின்சீற்றில இருத்திப் பாருங்கோ, மகளையும் ஏத்துங்கோ. கஸ்தூரியார் றோட்டில நிப்பாட்டி இறக்கியும் பாருங்கோ. பிறகு நீங்களே கொடிகாமம் மட்டும் ஓடி, நிப்பாட்டி, பத்து நிமிசத்தால ஸ்ராட் பண்ணுங்கோ. திங்கள் காலமை உங்கட வழக்கமான ஓட்டத்தை என்ர காரில ஓடுங்கோ. நான் பக்கத்தில இருந்து டிப் ஸ்ரிக் எடுத்துக் காட்டுறன்.

கோண்டாவில் வாசி

சரி தம்பி, ஞாயிறு வாங்கோ. கராஜ் அண்ணையும் நேரம் இருந்தால் வரவேணும். அம்மாவுக்கு ஏறி இறங்க ஏலாட்டி இந்தக் கதையை அதோட விட்டிடுவன், வேற கார் பாக்கவும் மாட்டன். ஏலுமெண்டால் கொழும்புக்காரரிட்டை ஆறு எண்ணையும் எழுத்தில தரச் சொல்லிக் கேப்பன். அதுமட்டும் அக்சியோவுக்கு விளம்பரம் போடேல்லை.

பழைய ஒஸ்ரின்

ஞாயிறு நானும் வாறன். அந்த எஞ்சின் சத்தத்தை ஒருக்காக் கேக்கவேணும்.