பேக்கப் கருவிக்கு டெஸ்க்டாப் முகப்பு: பொறுப்பேற்றிருக்கிறேன், முன்னேற்றப் பட்டை நகர மறுக்கிறது

கட்டளைவரி_காரன்:
வணக்கம். டெர்மினலில் மட்டும் ஓடுகிற ஒரு கட்டற்ற பேக்கப் கருவிக்குப் பங்களித்து வருகிறேன். டெஸ்க்டாப் முகப்பு வேண்டும் என்று பயனர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், முன்நின்று செய்ய ஆளில்லை, சரி நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பைசைடில் (கியூட்டி என்ற முகப்புக் கருவித்தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் நூலகம்) ஒரு முன்மாதிரி தயார். 'தொடங்கு' அழுத்தினால் ஜன்னல் உறைந்துபோய் வேலை முடிந்த பிறகுதான் உயிர் வருகிறது. வேலையைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) போட்டேன், உறைவது நின்றது, ஆனால் பட்டை 0 சதவீதத்திலேயே கிடந்து கடைசியில் ஒரே தாவலில் 100. அதே கட்டளை டெர்மினலில் ஒழுங்காக 1, 2, 3 என்று ஏறுகிறது. கருவியும் பைத்தான்தான். இதற்கிடையில் எலக்ட்ரானுக்கு (ஜாவாஸ்கிரிப்டில் டெஸ்க்டாப் செயலி எழுதும் கட்டமைப்பு) மாறு என்று ஒருவர் விடாமல் சொல்கிறார். இதையெல்லாம் நானே முடிவு செய்யலாமா?

பிழைதேடி:
த்ரெட் தேவையே இல்லை, வேறொரு நிரலை ஓட்டுவதற்குக் கியூட்டியில் இருக்கும் கியூபிராசஸ் போதும். அதற்கு சிக்னல் (வெளியீடு வந்ததும் தானே சொல்லும் அறிவிப்பு) உண்டு, ஜன்னலை உயிரோடு வைத்திருக்கும் நிகழ்வுச் சுழல் தடைபடாது. பட்டை தாவுவதற்குக் காரணம் பஃபர். பைத்தான், வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி தள்ளும், பைப் வழியாக இன்னொரு நிரலுக்குப் போனால் சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும். பைத்தானுக்கு '-யு' (சேர்த்துவைக்காதே என்னும் விருப்பத்தேர்வு) கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கட்டளைவரி_காரன்:
கியூபிராசஸுக்கு மாற்றி '-யு'வும் கொடுத்தாயிற்று. இன்னும் 0தான். முழு வரி வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.

பிழைதேடி:
அங்கேதான் சிக்கல். சதவீதத்தை அதே வரியில் மாற்றி எழுத உங்கள் கருவி கேரேஜ் ரிட்டர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி) அனுப்பும், நியூலைன் (அடுத்த வரிக்குப் போகும் குறி) அனுப்பாது. கியூபிராசஸுக்கோ நியூலைன் வந்தால்தான் அது ஒரு வரி. வந்ததையெல்லாம் அப்படியே படித்து, கேரேஜ் ரிட்டர்ன் இருக்கும் இடத்தில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

பழைய_பராமரிப்பாளர்:
இது இன்றைக்கு ஓடும், நாளைக்கு உடையும். மனிதர் படிக்க எழுதிய வரியை நிரல் படித்தால், யாரோ அந்தச் செய்தியை மொழிபெயர்த்த அன்றே உங்கள் முகப்பு படுத்துவிடும். வரிக்கு ஒரு ஜேசன் (நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) தரும் விருப்பத்தேர்வை மூலக் கருவியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், இல்லை நீங்களே பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் 'ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு 'போர்சலின்' (நிரல்கள் படிக்க மாறாத வடிவில் தரும் வெளியீடு) என்ற விருப்பத்தேர்வு இருப்பதே இதற்காகத்தான், ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியிலும் ஜேசன் வெளியீடு உண்டு. முகப்புக்குத் தலைமை ஏற்றவரின் முதல் வேலை மூலக் கருவிக்காரர்களோடு இந்த ஒப்பந்தத்தைப் போடுவது என்பேன், பட்டன் நிறமெல்லாம் அப்புறம்.

வலைப்பின்னலில் போகும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்) ஆராயும் ஒயர்ஷார்க் 2015இல் 2.0 வெளியிட்டபோது முகப்பை ஜிடிகே என்ற கருவித்தொகுப்பிலிருந்து கியூட்டிக்கு மாற்றினார்கள். பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதி முகப்பிலிருந்து தனியாக இருந்ததால் அதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை, டெர்மினலில் ஓடும் டிஷார்க்கும் அதே பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. அந்தப் பிரிவு இருந்தால் எலக்ட்ரான் சண்டை பாதி அடங்கிவிடும். வேண்டியவர் இரண்டாவது முகப்பு எழுதிக்கொள்ளட்டும்.

உரிமம்_பார்ப்பவள்:
எலக்ட்ரான் ஒவ்வொரு செயலியோடும் முழு குரோமியம் உலாவியைக் கட்டி அனுப்பும். ஒரு பேக்கப் கருவிக்கு அது எனக்கு அதிகமாகப் படுகிறது, ஆனால் உங்கள் குழுவில் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களே அதிகம் என்றால் கணக்கு வேறு. யார் பராமரிப்பார்கள் என்பதுதான் கேள்வி. பைசைடு எல்ஜிபிஎல் (மூடிய நிரலோடும் சேர்க்க இடம்தரும் கட்டற்ற உரிமம்), கியூட்டியையே பைத்தானுக்குத் தரும் இன்னொரு நூலகமான பைகியூட்டி ஜிபிஎல் (சேர்த்து வெளியிடும் நிரலும் கட்டற்றதாக இருக்கக் கேட்கும் உரிமம்) அல்லது வணிக உரிமம். உங்கள் திட்டம் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடாதீர்கள். 1997இல் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டம் தொடங்கியதே கியூட்டியின் அன்றைய உரிமம் பிடிக்காமல்தான்.

முடிவு அதிகாரம் பற்றி: முகப்புக்குள் எல்லாம் உங்கள் பாடு. வெளியீட்டுத் தேதி, மூலக் கருவியின் விருப்பத்தேர்வுகள் இரண்டையும் கேட்டுச் செய்யுங்கள். நிரல் மாற்றங்களை இணைக்கும் அனுமதி இன்னொருவருக்கும் இருக்கட்டும், நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனாலும் வேலை நிற்காது.

கட்டளைவரி_காரன்:
கேரேஜ் ரிட்டர்னில் வெட்டியதும் பட்டை ஏறுகிறது, நன்றி! ஜேசன் கோரிக்கையையும் போட்டுவிட்டேன், பராமரிப்பாளர் சரி என்கிறார். 'ரத்து' பட்டன்தான் பாக்கி. கியூபிராசஸின் டெர்மினேட் (நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை) லினக்ஸில் வேலை செய்கிறது, விண்டோஸில் கருவி அசையவே இல்லை.

பிழைதேடி:
விண்டோஸில் டெர்மினேட் ஜன்னலை மூடும் செய்தியைத்தான் அனுப்பும், ஜன்னல் இல்லாத கன்சோல் நிரல் அதைக் கண்டுகொள்ளாது. கில் செய்தால் (வலுக்கட்டாயமாக உடனே நிறுத்தினால்) பூட்டுக் கோப்பு (ஒரு பேக்கப் ஓடுகிறது என்று காட்டும் அடையாளக் கோப்பு) அப்படியே கிடக்கும், அடுத்த பேக்கப் தொடங்காது. அந்த ஜேசன் பேட்சிலேயே, உள்ளீட்டில் 'நிறுத்து' என்று ஒரு வரி வந்தால் சுத்தமாக முடித்துக்கொள்ளும்படி சேர்த்துவிடுங்கள். சில விநாடி பொறுத்தும் முடியவில்லை என்றால் மட்டும் கில்.