பீர்க்கம் பூ விரியும் நேரத்தில் ஒரு மொட்டை மாடி

கிருஷ்ணகிரியில் வசிக்கும் எங்களுக்குப் பெங்களூரு லால்பாக் இரண்டு மணி நேரப் பயணம்தான். ஐதர் அலி 1760-இல் தொடங்கிய, இன்று 240 ஏக்கரில் விரிந்திருக்கும் அந்தத் தோட்டத்துக்கு மலர்க் கண்காட்சிக் காலங்களில் பலமுறை சென்றிருக்கிறேன். கண்ணாடி மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோமே தவிர, அங்கே செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமும் நான் ஒரு சொல் பேசியதில்லை. அது எத்தனை பெரிய இழப்பு என்பது என் வீட்டு மாடித் தோட்டம் கருகத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு வளர்பைகளில் தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். வெயில் என்று எண்ணி ஆழ்துளைக் கிணற்று நீரை இரு வேளையும் ஊற்றினேன். இரண்டுமே பயன்படவில்லை.

அந்தச் சமயத்தில் தருமபுரியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பீர்க்கங்கொடி தொங்குவதைக் கண்டு, அனுமதி கேட்டு மேலே ஏறினேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் தோட்டம் அது. என் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்தவுடனே, "இது பூச்சி இல்லம்மா, தண்ணி. உங்க வீட்டு போர் தண்ணியக் கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளையாப் படியுதா?" என்று கேட்டார். "ஆமாங்க டீச்சர்" என்றேன். பையின் மேல்மண்ணிலும் அதே வெள்ளைப் படிவு இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பகுதி நிலத்தடி நீரிலுள்ள புளோரைடால் பல்லில் கறை படிந்தவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதன் அருமையும் எனக்குத் தெரியும். எனினும் குடிக்க ஆகாத நீர் செடிக்கு ஆகும் என்றே எண்ணியிருந்தேன். வயலில் மழை பெய்தால் உப்பு ஆழத்துக்கு இறங்கிவிடும் என்றும், பையிலோ நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வேரைச் சுற்றித் தங்கிக்கொண்டே போகும் என்றும் அவர் விளக்கினார். நார்க்கழிவிலேயே உப்பு இருப்பதால் அதை மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டுமாம். மாடியில் விழும் மழைநீரைப் பீப்பாயில் சேர்த்து, அவ்வப்போது அடித்துளை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுகிறார். மேல்மண் காயாதிருக்கச் சருகு மூடாக்கு போட்டிருந்தார்.

பேசிக்கொண்டிருக்கையில் மாலை ஐந்தரை ஆகிவிட்டது. பீர்க்கம் பூக்கள் மஞ்சளாக விரியத் தொடங்கின. கொத்தாக வருவது ஆண் பூ, அடியில் சிறு பிஞ்சோடு தனித்து வருவது பெண் பூ என்று காட்டிவிட்டு, ஓர் ஆண் பூவைக் கிள்ளி இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினார். அந்த உயரத்துக்குப் பூச்சிகள் குறைவாகவே வருவதால் நாள்தோறும் தாமே இதைச் செய்வதாகச் சொன்னார். அவ்வளவு பொறுமையாக எனக்கு எவரும் எதையும் கற்பித்ததில்லை.

அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நீர் விடுபவரை நான் தேடிப் பேசுகிறேன். 1950-களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் பூங்காவில் ஒரு பணியாளர், குழாயை மரத்தூரில் வைக்காமல், கிளைகளின் நிழல் முடியும் இடத்தில் வைத்திருந்தார். ஏனென்று கேட்டேன். "பெரிய மரத்துக்குத் தண்ணி குடிக்கிற வேர் அங்கதாங்க இருக்கு" என்றார். இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டு மாமரத்துக்குத் தூரிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நிழல் விளிம்பை ஒட்டி வட்டப் பாத்தி எடுத்திருக்கிறேன்.

டீச்சருக்கு மூட்டுவலி அதிகமாகி, மாடிப்படி ஏறுவதே சிரமமாகிவிட்டது என்று அக்கா சொன்னார். பொங்கல் விடுமுறையில் அவரை அணைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அந்தப் பணியாளரிடம் அறிமுகப்படுத்தப் போகிறேன்.