இடது கைக்கும் வேலை கொடுத்த குமிழ்: ஸ்பேஸ்மவுஸ் அனுபவம்

கணினித் திரையில் இருக்கும் முப்பரிமாண மாடலைத் திருப்பிப் பார்க்க உதவும் ஸ்பேஸ்மவுஸ் என்ற கருவியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் இரண்டே வகை பதில்தான் வரும். ஒன்று, அது இல்லாமல் வேலையே ஓடாது. இன்னொன்று, காசுக்குப் பிடித்த கேடு, இழுப்பறையில் கிடக்கிறது. நான் மெஷின் டிசைன் வேலையில் வருடக்கணக்காக இதை வைத்திருக்கிறேன், பொழுதுபோக்குக்கு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் ஓட்டுகிறேன், இழுப்பறையில் போட்டவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அதை மவுஸ் என்று நினைத்தே பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கேதான் கோளாறு.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் ஓர் அடிப்பாகம், அதன் மேல் ஒரு குமிழ். மேசையில் நகராது, நகரக் கூடாது, கனம் அதற்காகத்தான். குமிழை முன்னே பின்னே தள்ளலாம், பக்கவாட்டில் தள்ளலாம், தூக்கலாம், அமுக்கலாம், அது போக மூன்று அச்சிலும் திருப்பலாம், ஆக ஆறு விதமான அசைவு. இடது கை இதில் இருக்கும், வலது கை வழக்கமான மவுஸில். மாடலைத் திருப்பிக் காட்டுவது இடது கையின் பொறுப்பு, கிளிக் செய்வதும் வரைவதும் வலது கையின் பொறுப்பு.

மவுஸை நகர்த்திய அளவுக்குத்தான் திரையில் அம்புக்குறி நகரும், நிறுத்தினால் நிற்கும். இங்கே கணக்கே வேறு. குமிழ் மொத்தமாக அசைவதே மில்லிமீட்டர் கணக்கில்தான், எவ்வளவு தள்ளுகிறோமோ அதுதான் வேகம், எவ்வளவு நேரம் தள்ளிப் பிடித்திருக்கிறோமோ அதுதான் தூரம். வண்டியின் ஆக்சிலரேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தால் குமிழ் தானாக நடுவுக்கு வந்துவிடும், மாடலும் அப்படியே நின்றுவிடும். இது தெரியாமல் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் குமிழை முழுக் கையால் இறுக்கிப் பிடித்துச் சுண்டுகிறார்கள், மாடல் திரையை விட்டே பறந்து போகிறது. கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதிர்ப்பக்கம், மணிக்கட்டு மேசையில் படிந்திருக்கட்டும், இவ்வளவு போதும். விரலின் பாரத்தை லேசாகச் சாய்த்தாலே அது புரிந்துகொள்ளும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சீனியர். பலகையில் வரைந்து பழகிய தலைமுறை, கை அவ்வளவு சுத்தம். அவருக்கு இது வந்தவுடனே எரிச்சல். "நான் முன்னே தள்ளினா இது ஏம்ப்பா தள்ளிப் போகுது, நான் கிட்டப் போகணும்ல?" என்றார். நியாயமான கேள்விதான். அவர் மனதில் குமிழ் என்பது கேமரா. தயாரிப்பாளர் மனதில் குமிழ் என்பது பொருள், நீங்கள் தள்ளினால் பொருள் உங்களை விட்டுத் தள்ளிப் போகும், நீங்கள் திருப்பினால் பொருள் திரும்பும். செட்டிங்கில் ஒவ்வொரு அச்சுக்கும் திசையைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறது. "சார், மாத்திடட்டுமா, இல்ல அந்தக் குமிழையே பார்ட்டுனு நெனச்சு ஒரு தடவ புடிச்சுப் பாக்குறீங்களா?" என்றேன். இரண்டாவதைத்தான் செய்தார். ஒரு பேரிங் ஹவுசிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் எடுத்துப் பார்ப்பது போல உருட்டி உருட்டி உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திசை பற்றிய பேச்சே வரவில்லை.

பொருளைக் கையில் பிடித்திருப்பது என்ற அந்த எண்ணம் சும்மா வந்ததில்லை. இந்த வகைக் கருவி கேட் (CAD) எனப்படும் கணினி வடிவமைப்பு மென்பொருளுக்காகப் பிறந்ததே இல்லை, ரோபோ கைக்காகப் பிறந்தது. ஜெர்மன் விண்வெளி மையமான டி.எல்.ஆர். ரோபோக்களை இயக்க ஆறு அச்சுக் கட்டுப்பாட்டுப் பந்து ஒன்றை உருவாக்கியது. 1993-ல் கொலம்பியா விண்ணோடத்தில் நடந்த ரோடெக்ஸ் சோதனையில் ஒரு ரோபோ கை பறந்தது, அதை வீரர்கள் மேலிருந்தும் இயக்கினார்கள், கீழே தரையிலிருந்தும் இயக்கினார்கள். சமிக்ஞை போய் வரச் சில விநாடிகள் ஆகும் நிலையிலும், மிதந்துகொண்டிருந்த ஒரு பொருளை அந்தக் கை பிடித்தது. அந்த வேலையின் வழியில் வந்ததுதான் நம் மேசையில் இருப்பது. ரோபோவின் நுனியை எந்தப் பக்கமும் நகர்த்தி எந்தப் பக்கமும் திருப்ப வேண்டுமென்றால் ஆறும் வேண்டும், ஒன்றுகூடக் குறைக்க முடியாது. மாடல் பார்ப்பவருக்கு ஆறும் ஒரே நேரத்தில் தேவையா என்றால், ஆரம்பத்தில் நிச்சயம் தேவையில்லை.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது, முதலில் வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். பக்கவாட்டில் சரியும் உருளலை, அதாவது ரோலை, அணைத்துவிடுங்கள். தலை சுற்றுவதற்கு முக்கியக் காரணம் அதுதான், அடிவானம் சாய்ந்தால் கண் குழம்பிவிடும். ஒரு நேரத்தில் எந்த அசைவு ஓங்கியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு தேர்வும் டிரைவரில், அதாவது கருவியை இயக்கும் மென்பொருளில், உண்டு, திருப்பும்போது கூடவே தூக்கிவிடும் ஆட்களுக்கு அது வரப்பிரசாதம். கை பழகியதும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம். நான் இன்றுவரை கட்டட மாடல் பார்க்கும்போது ரோலைத் திறப்பதில்லை, மெஷின் பார்ட் என்றால் திறந்துதான் வைத்திருப்பேன்.

அடுத்த தலைவலி சுழலும் மையம். பல பார்ட்டுகள் சேர்ந்த பெரிய அசெம்பிளியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் போல்ட் துளைக்குள் நெருங்கிப் போயிருப்பீர்கள், லேசாகத் திருப்புவீர்கள், துளை காணாமல் போய்விடும். காரணம், மாடல் அந்தத் துளையைச் சுற்றித் திரும்பவில்லை, மொத்த அசெம்பிளியின் நடுவைச் சுற்றித் திரும்பியிருக்கிறது. மையத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கும்போது சின்னத் திருப்பமே பெரிய வீச்சாகிவிடும். தானியங்கி மையம் என்ற தேர்வை இயக்கினால் திரையில் தெரிவதை வைத்து மையத்தை அதுவே மாற்றிக்கொள்ளும், மையம் எங்கே என்று காட்டும் சின்னக் குறியையும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களில் ஒரு பார்ட்டைத் தேர்ந்தெடுத்தால் மையம் அதற்கு நகர்ந்துவிடும். குமிழ் சரியில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் நிறைய இந்த ஒரு விஷயத்தில்தான் முடிந்தன.

இன்னொரு புகார், கை வைக்காமலே மாடல் மெல்ல நகர்கிறது என்பது. பெரும்பாலும் யூ.எஸ்.பி. செருகும்போது குமிழில் கை பட்டிருக்கும், அந்த நிலையையே அது நடு என்று எடுத்துக்கொண்டிருக்கும். கையை எடுத்துவிட்டு டிரைவரில் கேலிபரேட் செய்தால், அதாவது நடு எது என்று மறுபடி காட்டிக்கொடுத்தால், சரியாகிவிடும். நண்பர் ஒருவர் கூகுள் எர்த்தைத் திறந்தால் பூமி தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வைரஸா என்று போன் செய்தார். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை, இதே கதைதான். கூகுள் எர்த்தில் இதை ஓட்டும் சுகமே தனி, மலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் தாழப் பறந்து திரும்புவதெல்லாம் மவுஸில் நடக்காத காரியம்.

சரி, வேகம் கூடுமா? கூடும்தான், ஆனால் அதற்காக நான் இதை வைத்திருக்கவில்லை. மவுஸ் மட்டும் இருந்தபோது நடு பட்டனை அமுக்கித் திருப்ப வேண்டும், திருப்பும்போது வரைய முடியாது, வரையும்போது திருப்ப முடியாது. அதனால் மனம் சோம்பல்பட்டு ஒரே கோணத்திலேயே வேலையை ஓட்டிவிடும். இப்போது கை சும்மா இருக்காமல் மாடலை உருட்டிக்கொண்டே இருக்கிறது. ஃபில்லட் போட, அதாவது முனையை வளைவாக மழுக்க, விளிம்பைத் தேடும்போதே பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ தலை பார்ட்டின் ரிப்பில், அதாவது தாங்கு விலாவில், இடிப்பது கண்ணில் பட்டுவிடும். பக்கத்து ஆளுக்கு டிசைனை விளக்கும்போதும் அப்படித்தான், பேசிக்கொண்டே காட்டலாம், நிறுத்தி நிறுத்தித் திருப்ப வேண்டியதில்லை. நடு பட்டனை அமுக்கி அமுக்கி எனக்கு விரல் வலி வேறு இருந்தது, அதுவும் குறைந்தது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். இடது கை குமிழுக்குப் போய்விட்டால் கீபோர்டு ஷார்ட்கட்டை யார் அமுக்குவது? பிளெண்டர்காரர்களுக்கு இது பெரிய இடி, அங்கே பாதி வேலை ஷார்ட்கட்டில்தான் நடக்கிறது. ஸ்பேஸ்மவுஸ் வகைகளில் சின்னதில் இரண்டே பட்டன்தான். ப்ரோ மாடலில் 15 பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், எஸ்கேப் எல்லாம் குமிழின் ஓரத்திலேயே இருக்கும், என்டர்பிரைஸில் 31. நான் சின்னதைத்தான் வைத்திருக்கிறேன், அதில் ஒரு பட்டனை, மாடல் முழுவதையும் திரைக்குள் கொண்டுவரும் ஃபிட்டுக்கும் இன்னொன்றை மெனுவுக்கும் ஒதுக்கிவிட்டேன், மற்றதற்குக் கை கீபோர்டுக்குத் தாவும். வேலை முழுக்க இரு பரிமாண வரைபடம் என்றால் வாங்கவே வேண்டாம். கேம் விளையாட என்று நினைத்தும் வாங்காதீர்கள், பெரும்பாலான கேம்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகம் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, அங்கே பறக்கும் கேமராவை இதில் ஓட்டிப் படமே எடுக்கிறார்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஸ்பேஸ்நேவ்டி என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது, பிளெண்டரும் ஃப்ரீகேடு என்ற இலவச கேட் மென்பொருளும் அதோடு ஒத்துப்போகும். யூ.எஸ்.பி.க்கு முந்தைய சீரியல் போர்ட் காலத்து மெகல்லன், ஸ்பேஸ்பால் என்ற இதே வகைப் பழைய கருவிகளையும் அது ஏற்கும் என்பதால் பழைய சாமானில் ஒன்று கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலது கையில் குமிழும் இடது கையில் மவுஸும் வைத்து ஓட்டுபவர்கள் இங்கே யாராவது இருந்தால், ப்ரோ மாடலின் பட்டன் வரிசை அந்தப் பக்கம் கைக்கு எட்டுகிறதா என்று எழுதுங்கள். எங்கள் டீமில் ஓர் இடது கைக்காரர் வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறார்.