டூயல் கோர் போர்டு: எம்4 எழுதும் மோட்டார் வேக அளவு எம்7க்குப் போய்ச் சேரவில்லை, உதவுங்கள்

பீன்யா பட்டறை:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் பேக்கிங் மெஷின்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். பழைய போர்டில் ஒரே கோர். மாட்பஸ் (மெஷின்கள் தகவல் பரிமாறும் முறை) டிராஃபிக் கூடினால் மோட்டார் லூப் திணறும். அதனால் இரண்டு கோர் உள்ள எஸ்டிஎம்32 எச்745 சிப்புக்கு மாறினோம். 480 மெகாஹெர்ட்ஸ் எம்7 கோருக்கு மோட்டார், 240 மெகாஹெர்ட்ஸ் எம்4 கோருக்கு மாட்பஸ். எம்4 புது வேகத்தை இரண்டு கோருக்கும் பொதுவான எஸ்ரேம்4 நினைவகத்தில் எழுதுகிறது. எம்7 பழைய வேகத்திலேயே ஓட்டுகிறது. வேரியபிளுக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்ற குறிப்பு) போட்டாகிவிட்டது. கூத்து என்னவென்றால், எம்7இல் நாலு வரி பிரிண்ட் சேர்த்தால் சரியாகிவிடுகிறது! திங்கட்கிழமை டிரயல்.

ராத்திரி ஷிஃப்ட்:
எம்7இன் டி-கேஷை (டேட்டாவின் நகலை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) அணைத்துப் பார்த்தீர்களா?

பீன்யா பட்டறை:
அணைத்தால் ஒழுங்காக ஓடுகிறது சார். ஆனால் லூப் நேரம் எகிறுகிறது.

ராத்திரி ஷிஃப்ட்:
அப்போ கேஷ்தான். படிக்கும் முன் அந்த முகவரியை இன்வாலிடேட் செய்துவிடுங்கள், அதாவது கேஷில் உள்ள நகலைத் தள்ளிவிடுங்கள்.

ஃபர்ம்வேர் அக்கா:
அது கத்தி மேல் நடப்பது. கேஷ் லைன், அதாவது கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு, 32 பைட். அதே லைனில் எம்7 எழுதிய வேறு வேரியபிள் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

வாலடைல் கம்பைலருக்குச் சொல்வது. கேஷுக்கு அது தெரியாது. எம்4இல் டேட்டா கேஷ் இல்லை, நேராக ரேமில் எழுதுகிறது. எம்7 தன் கேஷில் இருக்கும் பழைய நகலைப் படிக்கிறது. உங்கள் பிரிண்ட் அந்த லைனை வெளியே தள்ளியிருக்கும், அவ்வளவுதான்.

எஸ்ரேம்4 ஹெக்ஸில் 38000000இல் தொடங்குகிறது, 64 கேபி. எம்7இன் எம்பியுவில் (நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் பகுதி) அதை முழுசாக நான்-கேஷபிள், அதாவது கேஷில் நகல் எடுக்காததாக, ஆக்குங்கள். டி-கேஷை இயக்குவதற்கு முன்பே செய்யுங்கள் தம்பி.

பீன்யா பட்டறை:
அக்கா, வேகம் வந்துவிட்டது! நான் எம்பியு அமைப்பையே எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது வேறு வம்பு: எப்போதாவது வேகம் புதுசு, கூடவே எழுதும் ராம்ப் (வேகம் ஏறி இறங்கும் விகிதம்) பழசு.

ராத்திரி ஷிஃப்ட்:
எச்செம் (கோர்களுக்கு இடையிலான ஹார்டுவேர் பூட்டு) வைத்துப் பூட்டுங்கள், 32 இருக்கிறது.

ஃபர்ம்வேர் அக்கா:
மோட்டார் இன்டரப்ட் (உடனே ஓடியாக வேண்டிய வேலை) பூட்டுக்காகக் காத்து நிற்கக் கூடாது. ஒரு வரிசை எண் வையுங்கள். எம்4 எழுதத் தொடங்கும்போது ஒற்றைப்படை, முடித்ததும் இரட்டைப்படை, நடுவில் டிஎம்பி (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை). எம்7 படிக்கும் முன்னும் பின்னும் எண்ணைப் பார்க்கட்டும். ஒற்றையாக இருந்தாலோ மாறியிருந்தாலோ அந்தச் சுற்றுக்குப் பழைய ஜோடியையே வைத்துக்கொள்ளட்டும்.

பீன்யா பட்டறை:
காலையிலிருந்து ஓடுகிறது, ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பிரிண்ட் வரிகளையும் தூக்கிவிட்டேன்.